முடிவிலாப் பரிமாணத்தில் மிகக் குறுகிய பாதை இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். எம்.எஸ்சி. பாடத்தில் ரீமானியன் மேனிஃபோல்டு (ஒவ்வொரு புள்ளியிலும் நீளமும் கோணமும் அளக்க வழியுள்ள வளைந்த வெளி), ஜியோடெசிக் (அதில் நேர்கோட்டின் இடத்தில் வரும் பாதை), வளைவு, ஹாப்ஃப்–ரினோ தேற்றம் வரை படித்திருக்கிறீர்கள். தரமணியில் ஒரு கருத்தரங்கில், "உராய்வில்லாத நீரின் ஓட்டம் ஒரு முடிவிலாப் பரிமாண வெளியின் ஜியோடெசிக்" என்று ஒருவர் சொல்லக் கேட்டீர்கள். பரிமாணம் 'என்' என்று வரும் இடத்திலெல்லாம் முடிவிலியைப் போட்டுக்கொண்டால் படித்த பாடம் அப்படியே செல்லுமா, செல்லாவிட்டால் எங்கே உடையும், அங்கே வளைவு என்பது எதைத்தான் சொல்கிறது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில் ரிச்சி வளைவையும் சேர்த்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: நாம் படித்த நிரூபணங்களில் 'பரிமாணம் முடிவுள்ளது' என்பதை நம்மை அறியாமல் எங்கெங்கே பயன்படுத்திக்கொண்டோம்?

சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் பழக்கமெல்லாம் வடிவியலோடு. திரவ இயக்கம் பற்றிச் சொல்லும்போது ஒரு வடிவியல்காரன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை பற்றிச் சொல்லும்போது இன்னும் ஒரு படி குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் இது. ஒரு புள்ளியின் அருகிலேயே நின்று, வகையீடு செய்தும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்தும் முடிந்துவிடும் நிரூபணம் பெரும்பாலும் முடிவிலாப் பரிமாணத்திலும் செல்லும். நிரூபணத்தில் எங்கேயாவது "இந்தத் தொடர்முறையிலிருந்து ஒருங்கும் உட்தொடர்முறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்" என்ற வரி வந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அந்த வரி காம்பாக்ட் என்ற பண்பை நம்பி எழுதப்பட்டது. முடிவிலாப் பரிமாண ஹில்பர்ட் வெளியில் (உட்பெருக்கலால் நீளமும் கோணமும் அளக்கக்கூடிய, முழுமையான வெக்டார் வெளியில்) மூடிய, வரம்புள்ள பந்துகூட காம்பாக்ட் கிடையாது. ஒவ்வொரு அச்சிலும் ஆதியிலிருந்து ஓரலகு தள்ளி ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள். அச்சுகளுக்கு முடிவில்லை, ஆகவே புள்ளிகளுக்கும் முடிவில்லை. அத்தனையும் ஓரலகுக் கோளத்தின் மேல்தான் இருக்கின்றன. ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் இடைத்தூரம் 2-இன் வர்க்கமூலம். நெருங்கி வரும் பேச்சே இல்லை. கீழே நான் சொல்லப்போகும் விபரீதங்கள் எல்லாவற்றிலும் நடப்பது இதுதான். மேலும் மேலும் குறுகிக்கொண்டே போகும் பாதைகள் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் முந்தியது தொடாத புதிய திசையிலோ இன்னும் நுணுக்கமான அளவிலோ நழுவிவிடும். அவை போய்ச் சேரும் பாதை என்று ஒன்று இருக்காது.

முதலிலேயே செய்துகொள்ள வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. பாதிக் குழப்பம் அதைச் செய்யாததால் வருகிறது. முடிவுள்ள பரிமாணத்தில் ஒவ்வொரு தொடுவெளியிலும் (ஒரு புள்ளியிலிருந்து நகரக்கூடிய திசைகளின் வெளியிலும்) ஓர் உட்பெருக்கல் கொடுத்தால் வேலை முடிந்தது; அதுதான் மெட்ரிக். இங்கே, அந்த உட்பெருக்கல் தரும் டோபாலஜியும் (எது எதை நெருங்குகிறது என்ற கணக்கும்) தொடுவெளியின் சொந்த டோபாலஜியும் ஒன்றுதானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் என்றால் அது வலுவான மெட்ரிக். உட்பெருக்கல் தருவது அதைவிடத் தளர்ந்தது என்றால் பலவீனமான மெட்ரிக். வலுவான மெட்ரிக் என்றால் உள்ளூர்க் கணிதம் அனைத்தும் பத்திரம்: லெவி-சிவிட்டா இணைப்பு (வெக்டார்களை வகையிடும் விதி) உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஜியோடெசிக் சமன்பாட்டுக்குக் குறுகிய நேரத் தீர்வு உண்டு, காஸ் துணைத்தேற்றம் செல்லும், ஆகவே ஜியோடெசிக்கின் சிறு துண்டு அதன் இரு முனைகளுக்கு இடையில் மிகக் குறுகிய பாதையாகவே இருக்கும், வளைவு டென்சரும் பழைய சூத்திரத்தாலேயே கிடைக்கும். இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

பெரிய அளவில்தான் சிக்கல். ஹாப்ஃபும் ரினோவும் 1931-இல் நிறுவியது நினைவிருக்கும்: மேனிஃபோல்டு மெட்ரிக் வெளியாக முழுமையானது (தங்களுக்குள் நெருங்கிக்கொண்டே போகும் புள்ளிகள் போய்ச் சேரும் இடம் உள்ளேயே உண்டு) என்றால் ஜியோடெசிக்குகளை எல்லாக் காலத்துக்கும் நீட்டலாம், எந்த இரண்டு புள்ளிகளையும் மிகக் குறுகிய ஜியோடெசிக் ஒன்று இணைக்கும். முடிவிலாப் பரிமாணத்தில் முதல் பாதி செல்லும். இரண்டாவது பாதி செல்லாது. அதற்கு 1965-இல் கிராஸ்மன் கொடுத்த வகை எடுத்துக்காட்டைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், அவ்வளவு எளிது.

ஹில்பர்ட் வெளியில் ஒரு நீள்வட்டக் கோளத்தை, அதாவது எலிப்சாய்டை, எடுத்துக்கொள்ளுங்கள். பூஜ்யமாவது அச்சில் அதன் அரைநீளம் 1. மற்ற அச்சுகளில் முதலாவதில் 2, இரண்டாவதில் ஒன்றரை, மூன்றாவதில் 1 கூட்டல் 1/3, பொதுவாக என்-ஆவது அச்சில் 1 கூட்டல் 1/என். இது ஹில்பர்ட் வெளியின் மூடிய துணைமேனிஃபோல்டு, மெட்ரிக் வலுவானது, முழுமையும் உண்டு. பூஜ்யமாவது அச்சின் இரு முனைகளை வட துருவம், தென் துருவம் என்று வைத்துக்கொள்வோம். வடக்கிலிருந்து தெற்குக்குப் போக என்-ஆவது அச்சின் வழியாக ஓர் அரை நீள்வட்டம் இருக்கிறது, அது ஜியோடெசிக்கும்கூட. நீளம் எவ்வளவு? நீள்வட்டச் சுற்றளவுக்கு நம்ம ஊர் இராமானுஜன் 1914-இல் வெளிவந்த தன் கட்டுரையில் கொடுத்த தோராயச் சூத்திரம் இருக்கிறதே, அதையே போடுங்கள்: முதல் அச்சின் வழியே சுமார் 4.844, பத்தாவது அச்சின் வழியே 3.301, நூறாவதின் வழியே 3.157, ஆயிரமாவதின் வழியே 3.143. இறங்கி இறங்கிப் பையை, அதாவது 3.14159-ஐ, நெருங்குகிறது.

பையையே தொடும் பாதை உண்டா என்றால் இல்லை. காரணம் இரண்டு வரி. ஒவ்வொரு ஆயத்தொலைவையும் அந்த அச்சின் அரைநீளத்தால் வகுக்கும் நேரியல் மாற்றத்தைச் செய்யுங்கள். எலிப்சாய்டு ஓரலகுக் கோளமாகிவிடும், துருவங்கள் துருவங்களாகவே இருக்கும். கோளத்தில் துருவம் விட்டுத் துருவம் போகும் எந்தப் பாதையும் பையைவிடக் குறைவாக இருக்க முடியாது. ஆனால் நாம் செய்த மாற்றமோ, பூஜ்யமாவது அச்சைத் தவிர வேறு எந்தத் திசையில் துளி அசைவு இருந்தாலும் அந்த வேகத்தைக் கண்டிப்பாகக் குறைத்துவிடுகிறது. பூஜ்யமாவது அச்சின் திசையில் மட்டும் அசைந்துகொண்டு எலிப்சாய்டின் மேல் தெற்கே போக முடியாது. ஆகவே மூலப் பாதையின் நீளம் பையைவிடக் கண்டிப்பாக அதிகம். துருவங்களுக்கு இடையில் தூரம் பை. அந்தத் தூரத்தில் அவற்றை இணைக்கும் பாதை இல்லை. ஜியோடெசிக்குகள் எண்ணற்றவை இருக்கின்றன, மிகக் குறுகியது என்பதுதான் இல்லை.

இதோடு நின்றதா என்றால், 1975-இல் ஆட்கின் இன்னும் மோசமான ஒன்றைக் கட்டிக் காட்டினார்: முழுமையான, இணைந்த ஹில்பர்ட் மேனிஃபோல்டு, அதில் இரண்டு புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஜியோடெசிக்கே கிடையாது, குறுகியதும் இல்லை, நீண்டதும் இல்லை. ஆறுதலுக்கு 1978-இல் எக்லாண்ட் நிறுவியது இருக்கிறது. ஒரு புள்ளியை நிலையாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து மிகக் குறுகிய ஜியோடெசிக்கால் சென்றடையக்கூடிய புள்ளிகள் அடர்த்தியாக எங்கும் பரவியிருக்கும். கிராஸ்மனின் துருவங்கள் மாதிரி மாட்டிக்கொள்ளும் புள்ளிகள் விதிவிலக்குகளே. நடைமுறைக்கு இந்தத் தேற்றம் ஹாப்ஃப்–ரினோவுக்கு நல்ல மாற்று. பாடங்களில் இதைச் சொல்லாமல் ஆட்கினை மட்டும் சொல்லி மாணவர்களைப் பயமுறுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

வளைவு எங்கே வருகிறது என்று பார்க்க, அதே எலிப்சாய்டில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: முதலாவது அச்சின் அரைநீளத்தையும் 1 ஆக்கிவிடுங்கள். இப்போது பூஜ்யம், ஒன்று ஆகிய இரு அச்சுகளின் தளத்தில் உண்மையான வட்டம் ஒன்று கிடைக்கிறது. அது துருவங்களைப் பை நீளத்தில் இணைக்கும் ஜியோடெசிக். அதன் வழியே நடந்துகொண்டு, பக்கத்து ஜியோடெசிக்குகள் எப்போது நம்மைச் சந்திக்க வருகின்றன என்று பாருங்கள். யாக்கோபிச் சமன்பாடு சொல்வது இதுதான்: பக்கத்து ஜியோடெசிக்குக்கும் நமக்கும் உள்ள இடைவெளியின் முடுக்கம், அந்தத் தளத்தின் வளைவை இடைவெளியால் பெருக்கி எதிர்க்குறி போட்டது. என்-ஆவது அச்சை நோக்கி விலகியவர் எதிர்கொள்ளும் வளைவு, அந்த அரைநீளத்தின் வர்க்கத்தின் தலைகீழ். ஆகவே அவர் பை பெருக்கல் அரைநீளம் என்ற தூரத்தில் மீண்டும் வந்து சேருவார். அதாவது பையைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில். என் வளர வளர இந்தக் கான்ஜுகேட் புள்ளிகள் பையின் மேல் வந்து குவிகின்றன. முடிவுள்ள பரிமாணத்தில் ஒரு ஜியோடெசிக்கின் வழியே கான்ஜுகேட் புள்ளிகள் தனித்தனியாகத்தான் நிற்கும்; ஒரு குறுகிய இடைவெளியில் எண்ணற்றவை குவிய முடியாது.

பை தூரத்திலேயே என்ன நடக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். எக்ஸ்பொனென்ஷியல் மேப் என்பது, தொடக்க வேகத்தைக் கொடுத்தால் ஜியோடெசிக் ஓரலகு நேரத்தில் சேரும் புள்ளியைத் தருவது. அதன் வகைக்கெழுவை அங்கே எழுதிப் பார்த்தால் (முதலாவது அச்சின் பக்கத்தையும் பூஜ்யமாவதையும் விட்டுவிடுங்கள்), அது ஒரு மூலைவிட்ட அணி. எண்கள் ஒன்றுகூட பூஜ்யமில்லை, ஆனால் பூஜ்யத்தை நோக்கிப் போகின்றன. எந்த வெக்டாரையும் அது அழிப்பதில்லை. ஆனாலும் எல்லா வெக்டாரையும் எட்டுவதும் இல்லை. முடிவுள்ள பரிமாணத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே போகும், ரேங்க்–நல்லிட்டி தேற்றம் அதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே பிரிந்துவிட்டன. அழிப்பதால் வரும் கான்ஜுகேட் புள்ளிகள் ஒரு வகை, எட்டாததால் வருபவை இன்னொரு வகை என்று கிராஸ்மன் இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்ததற்குக் காரணம் இதுதான். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுவிடுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட அது மேல்.

எதிர்ம வளைவு இருக்கும் இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாத் தளங்களிலும் வளைவு பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் பக்கத்து ஜியோடெசிக்குகள் திரும்பி வருவதில்லை, எக்ஸ்பொனென்ஷியல் மேப் எங்கும் கெடுவதில்லை. கார்ட்டான்–ஹடமார் தேற்றம் முழுமையான ஹில்பர்ட் மேனிஃபோல்டிலும் செல்லும் என்பதை மெக்ஆல்பின் 1965-இல் தன் ஆய்வேட்டில் காட்டினார். அந்த மேனிஃபோல்டு எளிய இணைப்புள்ளது (அதில் உள்ள எந்த வளையத்தையும் ஒரு புள்ளியாகச் சுருக்கலாம்) என்றால் எந்த இரு புள்ளிக்கும் இடையில் ஒரே ஒரு ஜியோடெசிக், அதுவே மிகக் குறுகியது. காம்பாக்ட் பண்பைக் கேட்காமலே வேலை நடக்கும் அபூர்வமான இடம் இது.

இதுவரை சொன்னது வலுவான மெட்ரிக். பயன்பாட்டில் வருபவற்றில் பெரும்பாலானவை பலவீனமானவை. அங்கே நிலைமை வேறு. கோஷூல் சூத்திரம் இணைப்பைத் தர முயலும்போது கையில் கிடைப்பது தொடுவெளியின் மேல் ஒரு நேரியல் சார்பு. அதைத் தரும் வெக்டார் ஒன்று உள்ளேயே இருக்கிறது என்று சொல்ல ரீஸ் தேற்றம் வேண்டும். பலவீனமான மெட்ரிக்கில் அது கைகொடுக்காது. ஆகவே இணைப்பு இருக்கிறது என்பதையே ஒவ்வொரு வெளிக்கும் தனியாக நிறுவ வேண்டும். அதைவிட அதிர்ச்சியான செய்தி 2005-இல் பீட்டர் மிக்கோரும் டேவிட் மம்ஃபோர்டும் வெளியிட்டது: தளத்தில் வரையும் மூடிய வளைகோடுகளின் வெளியில் மிக இயல்பாகத் தோன்றும் எல்-2 மெட்ரிக்கை (வேகத்தின் வர்க்கத்தை எல்லா இடத்திலும் கூட்டி அளப்பதை) போட்டால், எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கும் தூரம் பூஜ்யம். டிஃபியோமார்ஃபிசங்களின் (போகவும் திரும்பவும் மென்மையாக இருக்கும் மேப்களின்) குழுவிலும் எல்-2 மெட்ரிக்குக்கு இதே கதி.

எப்படி என்று கேட்டால், இதோ. வளைகோடு நகரும்போது அதன் செங்குத்துத் திசை வேகம்தான் கணக்கில் வரும். கோட்டின் வழியே வழுக்குவது வடிவத்தை மாற்றுவதில்லை, அதனால் அதற்குச் செலவில்லை. ஓரலகு நீளமுள்ள கிடைக்கோடு ஒன்றை ஓரலகு நேரத்தில் ஓரலகு மேலே தூக்கினால் ஆற்றல் 1. இப்போது தூக்குவதற்கு முன், கோட்டைச் சின்னச்சின்ன ரம்பப் பற்களாக மடித்துவிடுங்கள். பற்களின் சாய்வு 100 என்று வையுங்கள். மேலே தூக்கும் வேகத்தில் செங்குத்தாக விழும் பங்கு ஏறத்தாழ நூறில் ஒன்றாகிவிடுகிறது, அதன் வர்க்கம் பத்தாயிரத்தில் ஒன்று. கோட்டின் நீளம் நூறு மடங்கு கூடிவிட்டது என்பது உண்மைதான். இரண்டையும் பெருக்கினால் செலவு நூறில் ஒன்று. மடிக்கவும் பிரிக்கவும் செலவாகாதா? ஆகும். ஆனால் பற்களை எவ்வளவு பொடியாக்குகிறீர்களோ அவ்வளவு குறைவான உயரம், அவ்வளவு குறைவான செலவு. சாய்வை ஏற்றிக்கொண்டே, பற்களைப் பொடியாக்கிக்கொண்டே போனால் மொத்தச் செலவு பூஜ்யத்தை நோக்கிப் போகும். எலிப்சாய்டில் பாதை புதிய அச்சுக்கு நழுவியது. இங்கே இன்னும் பொடியான பல்லுக்கு நழுவுகிறது.

இந்த வெளியின் வளைவை அவர்கள் கணக்கிட்டபோது அது எதிர்மமாக எங்கும் இல்லை, நேர்மமாக வரம்பின்றி ஏறுகிறது என்று வந்தது. வரம்பில்லாத நேர்ம வளைவு என்றால் கான்ஜுகேட் புள்ளிகள் எவ்வளவு அருகிலும் வரலாம், ஜியோடெசிக் தொடங்கிய உடனேயே மிகக் குறுகியதாக இருக்கும் தகுதியை இழக்கலாம். தூரம் பூஜ்யமாவதும் வளைவு வெடிப்பதும் சேர்ந்தே நிற்கின்றன. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று பொதுத் தேற்றமாகச் சொல்ல நான் தயங்குவேன். இந்த எடுத்துக்காட்டுகளில் அப்படிப் பார்க்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதிலிருந்து பலவீனமான மெட்ரிக் என்றாலே தூரம் பூஜ்யம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு காம்பாக்ட் மேனிஃபோல்டின் மேல் உள்ள எல்லா ரீமானியன் மெட்ரிக்குகளும் சேர்ந்த வெளியை 1970-இல் எபின் ஆராய்ந்தார். அதிலும் எல்-2 மெட்ரிக்தான், பலவீனமானதுதான். ஆனால் வெவ்வேறு புள்ளிகளுக்கு இடையில் தூரம் பூஜ்யமாவதில்லை, வளைவும் பூஜ்யத்துக்கு மேல் போவதில்லை. ஜியோடெசிக்குகளைச் சூத்திரமாகவே எழுதிவிடலாம். முழுமை மட்டும் கிடையாது. வளைகோடுகளுக்கு வேண்டிய மருந்தையும் மிக்கோர்–மம்ஃபோர்டு கட்டுரையே சொல்லிவிட்டது: கோட்டின் வளைவுக்கோ வகைக்கெழுக்களுக்கோ தனிச் செலவு போட்டால் பற்களை மடிப்பது கட்டுப்படியாகாது, தூரம் நேர்மமாகிவிடும். மூளை எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் மென்பொருள்களுக்குப் பின்னால் இருக்கும் டிஃபியோமார்ஃபிசக் கணிதத்தில் போதுமான வகைக்கெழுக்கள் சேர்ந்த மெட்ரிக்கைப் போடுவது இதற்காகவே.

இனி நீங்கள் கருத்தரங்கில் கேட்ட நீரோட்டம். டம்ளரில் உள்ள காபியைக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விடுங்கள். தொடக்கத்தில் இருந்த ஒவ்வொரு துளியும் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மேப், கன அளவைக் காக்கும் ஒரு டிஃபியோமார்ஃபிசம். நேரம் போகப் போக அத்தகைய மேப்களின் குழுவில் ஒரு பாதை கிடைக்கிறது. இயக்க ஆற்றலை மெட்ரிக்காக வைத்தால், உராய்வில்லாத, அமுங்காத திரவத்துக்கு ஆய்லர் 1750-களில் எழுதிய சமன்பாடு அந்தக் குழுவின் ஜியோடெசிக் சமன்பாடேதான் என்று 1966-இல் விளாதிமிர் அர்னால்டு காட்டினார். (காபியில் உராய்வு உண்டு, அதனால் நின்றுவிடும், அதை விட்டுவிடுங்கள்.) மெட்ரிக் எல்-2, அதாவது பலவீனமானது. ஆனால் இங்கே ஓர் அதிர்ஷ்டம்: போதுமான மென்மையுள்ள சோபோலெவ் மேப்களின் (வகைக்கெழுக்களையும் எல்-2 முறையில் அளக்கும் மேப்களின்) வெளியில் எழுதிப் பார்த்தால் இந்த ஜியோடெசிக் சமன்பாடு வகைக்கெழுவை இழக்காத, நல்ல மென்மையான சாதாரண வகைக்கெழுச் சமன்பாடாகிவிடுகிறது. இதை எபினும் மார்ஸ்டனும் 1970-இல் நிறுவினார்கள். அதனால் குறுகிய நேரத் தீர்வும் எக்ஸ்பொனென்ஷியல் மேப்பும் சிரமமில்லாமல் கிடைக்கின்றன. மெட்ரிக் பலவீனமாக இருந்தும் உள்ளூர்க் கணிதம் தப்பிவிட்டது.

நீண்ட நேரத்துக்கு இரண்டு பரிமாணத்துக்கும் மூன்று பரிமாணத்துக்கும் வித்தியாசம் மலையளவு. இரு பரிமாண ஓட்டத்தில் ஜியோடெசிக்குகளை எல்லாக் காலத்துக்கும் நீட்டலாம் என்பது 1933-இல் வோலிப்னர் செய்த வேலையிலிருந்தே தெரியும். மூன்று பரிமாணத்தில், சுவரில்லாத வெளியில் முழுக்க மென்மையாகத் தொடங்கும் ஓட்டத்துக்கு இது இன்னும் திறந்த கேள்வி. கான்ஜுகேட் புள்ளிகளிலும் இதே பிரிவு: இரு பரிமாணத்தில் எக்ஸ்பொனென்ஷியல் மேப் ஃபிரெட்ஹோம் வகையைச் சேர்ந்தது (அதன் வகைக்கெழு அழிக்கும் திசைகளும் எட்டாத திசைகளும் முடிவுள்ள எண்ணிக்கையே), அதனால் கான்ஜுகேட் புள்ளிகள் முடிவுள்ள பரிமாணத்தில் போலவே தனித்தனியாக நிற்கும் என்று எபின், மிசியோவெக், பிரெஸ்டன் மூவரும் 2006-இல் நிறுவினார்கள். மூன்று பரிமாணத்தில் அது உடைகிறது. எலிப்சாய்டில் நாம் பார்த்த குவிதல் அங்கே நிஜமான ஓட்டத்திலேயே வருகிறது.

மிகக் குறுகிய பாதை இல்லாமல் போவதும் அப்படியே. 1985-இல் ஷ்னிரெல்மன் ஒரு கனசதுரப் பெட்டியில் உள்ள திரவத்தை எடுத்துக்கொண்டார். தொடக்க நிலையும் முடிவு நிலையும் கொடுத்தால், குறைந்த ஆற்றலில் கொண்டுபோகும் ஓட்டம் உண்டா? முடிவு நிலை ஒவ்வொரு கிடை அடுக்கையும் ஒரே மாதிரி கலக்குவது, உயரத்தை மாற்றுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். சில கலக்கல்களுக்கு, அடுக்குக்குள்ளேயே செய்வதைவிடக் கொஞ்சம் மேலும் கீழும் போய் வந்து செய்வது மலிவு. அப்படி மிகக் குறைந்த ஆற்றல் ஓட்டம் ஒன்று இருக்கிறது என்றால், அதைப் பாதி உயரத்துக்கு அமுக்கிக் கீழ்ப்பாதியில் வையுங்கள். அதன் கண்ணாடிப் பிம்பத்தை மேல்பாதியில் வையுங்கள். கிடைவேகம் மாறவில்லை, செங்குத்து வேகம் பாதியாகிவிட்டது, முடிவு நிலை அதேதான். ஒட்டிய இடத்தைச் சற்று மழித்துவிட்டாலும் ஆற்றல் குறைந்துதான் இருக்கிறது. ஆக, மிகக் குறைந்ததைவிடக் குறைந்தது கிடைத்துவிட்டது, முரண்பாடு. இந்தப் பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த வாதம் இதுதான். நாலு அடுக்கு, எட்டு அடுக்கு, பதினாறு அடுக்கு என்று பாதை நுணுக்கத்துக்குள் நழுவிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

வளைவுக்கு வருவோம். அர்னால்டு, இரு திசைகளிலும் சுற்றி வந்து சேரும் டோரஸ் பரப்பில் வளைவைக் கணக்கிட்டார். பட்டை பட்டையாக எதிரெதிர்த் திசையில் வீசும் எளிய சைன் வடிவ ஓட்டத்தை எடுத்தால், அந்தத் திசையைக் கொண்ட எந்தத் தளத்திலும் வளைவு பூஜ்யத்தைத் தாண்டுவதில்லை. பெரும்பாலான தளங்களில் எதிர்மம்தான். பக்கத்து ஜியோடெசிக்குகள் விலகும் என்றால் தொடக்க நிலையில் உள்ள சிறு பிழை பெருகும் என்று பொருள். வளிமண்டலத்தை இப்படி ஒரு டோரஸாக நினைத்துக்கொண்டு அவர் போட்ட கணக்கில், இரண்டு மாதத்துக்கு முன்னால் வானிலையைச் சொல்ல வேண்டுமென்றால், கேட்கும் துல்லியத்தைவிட ஐந்து தசம இலக்கம் அதிகமான துல்லியத்தில் இன்றைய நிலை தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் நுங்கம்பாக்கத்தில் எத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் எத்தனை என்று பேச ஆரம்பிக்கும் நம் ஊருக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போகும்.

ஆனால் இங்கேதான் நிதானம் வேண்டும். அது ஓர் அளவு காட்டும் கணக்கு. வளிமண்டலத்தில் ஈரப்பதம், வெப்பம், பூமியின் சுழற்சி எல்லாம் இருக்கின்றன, டோரஸில் எதுவும் இல்லை. கணிதமாகவே பார்த்தாலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. முதலாவது, இங்கே வளைவு அளப்பது துளிகளின் இடம் பிரிவதை. வேகப்புலம் கலையாமல் இருந்தபடியே துளிகள் பிரியலாம். இரண்டாவது, வளைவு எதிர்மம் என்பதால் மட்டும் விலகல் எக்ஸ்பொனென்ஷியலாக வளராது. அதற்கு வளைவு ஒரு குறிப்பிட்ட எதிர்ம எண்ணுக்குக் கீழேயே எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும். முடிவுள்ள பரிமாணத்தில் ஒரு புள்ளியில் உள்ள தளங்களின் தொகுப்பு காம்பாக்ட், ஆகவே எல்லாம் எதிர்மம் என்றாலே அப்படி ஓர் எண் கிடைத்துவிடும். முடிவிலாப் பரிமாணத்தில் தளங்களை மாற்றிக்கொண்டே போனால் வளைவு பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டே போகலாம். போதாததற்கு, இந்த டோரஸ் குழுவிலேயே வேறு சில ஜியோடெசிக்குகளின் வழியே கான்ஜுகேட் புள்ளிகள் உண்டு என்று மிசியோவெக் 1996-இல் காட்டினார். நேர்ம வளைவுத் தளங்கள் இல்லாமல் அது நடக்காது. "நீரோட்டக் குழுவின் வளைவு எதிர்மம், அதனால் வானிலையைக் கணிக்க முடியாது" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ரிச்சி. அது எல்லாச் செங்குத்துத் திசைகளின் வளைவையும் கூட்டி வருவது. ஹில்பர்ட் வெளியின் ஓரலகுக் கோளத்தில் ஒவ்வொரு தளத்தின் வளைவும் 1. கூட்டுவதற்கோ முடிவிலாத் திசைகள். கூட்டல் விரிந்துவிடுகிறது. குறிப்பிட்ட சில வெளிகளில் கூட்டும் முறையை ஒழுங்குபடுத்தி அர்த்தம் கொடுக்கிறார்கள். பொதுவாக ரிச்சி வளைவு என்று ஒன்று கிடையாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆகவே மையர்ஸ் தேற்றத்தை (ரிச்சி வளைவு ஒரு நேர்ம எண்ணுக்குக் குறையாவிட்டால் முழுமையான மேனிஃபோல்டின் விட்டத்துக்கு வரம்பு உண்டு, அது காம்பாக்ட்) ரிச்சியை வைத்துச் சொல்ல முடியாது. தள வளைவுகள் எல்லாம் ஒரு நேர்ம எண்ணுக்குக் குறையாதவை என்று எடுத்துக்கொண்டால், முழுமையான ஹில்பர்ட் மேனிஃபோல்டில் விட்டத்துக்கான வரம்பு அப்படியே வரும். எக்லாண்டின் அடர்த்தியான புள்ளிகளுக்கு மிகக் குறுகிய ஜியோடெசிக் உண்டல்லவா, அவற்றின் மேல் பழைய இரண்டாம் மாறல் வாதத்தை ஓட்டினால் போதும். மற்றப் புள்ளிகள் தொடர்ச்சியால் வந்துவிடும். மேனிஃபோல்டு காம்பாக்ட் என்ற இரண்டாவது முடிவுதான் வராது. ஓரலகுக் கோளமே அதற்கு எதிர் எடுத்துக்காட்டு.